இடுப்பிலிருந்து சுண்டுவிரல் வரை இழுக்கும் வலி: இப்போதே ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் போய்விடுமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வயது 44, காரைக்குடியில் பலசரக்குக் கடை. அரிசி மூட்டையை இறக்கிய மறுநாள் இடுப்பு பிடித்தது. இப்போது ஆறு வாரமாக இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்கிற மாதிரி இழுக்கிறது. உள்ளங்காலின் வெளிப்பக்கம் கொஞ்சம் மரத்திருக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எல்5-எஸ்1 டிஸ்க், அதாவது இடுப்பின் கடைசி முள்ளெலும்புக்கும் அதற்குக் கீழே இருக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருப்பது, பிதுங்கி நரம்பை அழுத்துவதாக வந்திருக்கிறது. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்கிறார். சொந்தக்காரர்கள் எண்ணெய் போட்டு நீவி டிஸ்க்கை உள்ளே தள்ளிவிடுகிற வைத்தியரிடம் கூப்பிடுகிறார்கள். 72 வயது அப்பாவுக்கும் கால்வலி இருப்பதால் இது பரம்பரையா என்றும், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதிய விதத்தைப் பார்த்தால், தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி ஒன்றுதான் என்று தெரிகிறது: இப்போதே ஆபரேஷன் செய்துகொள்ளாவிட்டால் கால் செயலிழந்துவிடுமா?

நான் செட்டிநாட்டுப் பக்கம் பல வருடங்களாக பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். முதுகுவலி, கால்வலி என்று வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். நான் அறுவை சிகிச்சை நிபுணர் இல்லை. உங்கள் காலைத் தொட்டுப் பரிசோதிக்கவும் இல்லை. அதனால் இந்தப் பதிலை உங்கள் டாக்டரின் பரிசோதனைக்கு மாற்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரிடம் எதைக் கேட்பது, எதைக் கவனிப்பது என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள். கேள்விக்கு நேரடி பதில்: காலில் பலம் குறையவில்லை, மூத்திரம், மலம் கழிப்பதில் எந்த மாற்றமும் இல்லை, வலியும் லேசான மரத்துப்போதலும் மட்டும்தான் என்றால், இப்போது ஆபரேஷன் செய்யாததால் கால் போய்விடுவது மிக மிக அரிது. ஆறு வாரம் என்பது உங்களுக்கு ஒரு யுகமாக இருந்திருக்கும். சியாட்டிகா என்று டாக்டர்கள் சொல்கிற இந்த நோயின் போக்கில் அது நடுவழிகூட இல்லை.

காத்திருக்கக் கூடாத நிலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மூத்திரம் போவது தெரியாமல் போவது, முக்கினாலும் வராமல் அடைத்துக்கொள்வது, மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, சைக்கிள் சீட்டில் படுகிற இடம் முழுவதும், அதாவது ஆசனவாய், பிறப்புறுப்பு, தொடையின் உள்பக்கம் மரத்துப்போவது, இரண்டு கால்களிலும் ஒன்றாக வலியோ பலவீனமோ வருவது. இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. தண்டுவடத்துக்குக் கீழே இறங்குகிற நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்குவதன் அடையாளம் அது. அவசரமாக ஆபரேஷன் செய்தால்தான் மூத்திரப்பையைக் காப்பாற்ற முடியும். தாமதமானால் அந்தக் கோளாறு நிரந்தரமாகிவிடலாம். நம் ஊரிலிருந்து மதுரையோ திருச்சியோ போக ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடிக்கும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. நடுராத்திரி என்றாலும் வண்டியைப் பிடித்துக் கிளம்பிவிடுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கால்வலியைப் பத்துப் பேரிடம் சொல்கிறவர்கள்கூட மூத்திரம் சரியாகப் போகவில்லை என்பதை, கூச்சத்தால், வீட்டில் சொல்வதில்லை. பெண்கள் இன்னும் மறைக்கிறார்கள்.

அடுத்தது பலம். இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, குதிகாலைத் தூக்கி விரல்களில் எழும்பி இறங்குங்கள். முதலில் வலது கால், அப்புறம் இடது. வலதில் பத்துத் தடவை சுலபமாக முடிந்து, இடதில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் குதிகால் எழும்பவே இல்லை என்றால், முதுகெலும்பிலிருந்து காலுக்கு இறங்குகிற நரம்பு வேர்களில் எஸ்1 என்பது இயக்குகிற கெண்டைக்கால் தசை பலம் இழக்கிறது என்று அர்த்தம். பிறகு குதிகாலால் நாலடி நடந்து பாருங்கள். முன்பாதம் தொங்கினாலோ, பெருவிரலை மேலே தூக்க முடியாவிட்டாலோ, நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று போனாலோ அதற்கு மேலே இருக்கிற எல்5 நரம்பில் சிக்கல். இப்படிப் பலம் குறைந்திருந்தால், அதுவும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால், ஓரிரு நாளில் முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்த்துவிடுங்கள். அந்த நிலையில் நான் காத்திருங்கள் என்று சொல்லமாட்டேன். வாரம் ஒரு தடவை இந்தச் சோதனையைச் செய்து காலண்டரில் குறித்து வையுங்கள். வலி கூடியதா குறைந்ததா என்பதைவிட, அந்த எண்ணிக்கை கூடியதா குறைந்ததா என்பது டாக்டருக்கு அதிகம் உதவும். இன்னொரு வகையும் உண்டு: மாலையில் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் தணியாத ராத்திரி வலி, முன்பு புற்றுநோய் வந்தவர்கள். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் இருக்கிறது. அது டிஸ்க் வலி மாதிரியே தொடங்கும். இந்த அறிகுறி உள்ளவர்கள் டிஸ்க் என்றே நினைத்துக்கொண்டு நாள் கடத்தக் கூடாது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? இடுப்பு முதுகெலும்பின் கடைசிப் பகுதியிலிருந்து எல்4, எல்5, எஸ்1, எஸ்2, எஸ்3 என்ற ஐந்து நரம்பு வேர்கள் இறங்கி, பிட்டத்தில் ஒன்றுசேர்ந்து, உடம்பிலேயே தடிமனான நரம்பாகிக் காலுக்குள் ஓடுகின்றன. முழங்காலுக்கு மேலே அது இரண்டாகப் பிரிகிறது. கோளாறு இருப்பது முதுகில், வலிப்பது கால். எலும்புகளுக்கு நடுவே இருக்கிற டிஸ்க்கைக் கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே கெட்டியான மாவு, உள்ளே பூரணம். மாவில் விரிசல் விட்டால் பூரணம் வெளியே வருகிறது. அது பக்கத்தில் போகிற நரம்பு வேரில் படுகிறது. 1934-ல் பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் கிழிந்த டிஸ்க்தான் இந்தக் கால்வலிக்குக் காரணம் என்று எழுதியதிலிருந்து, நரம்பு நசுங்குகிறது என்ற படமே எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது. ஆனால் வெறும் அழுத்தத்தால் இவ்வளவு வலி வருவதில்லை. டிஸ்க்குக்குள் இருக்கும் பொருளில் நரம்பைப் புண்ணாக்கி வீங்க வைக்கிற ரசாயனங்கள் இருக்கின்றன. வீங்கிய நரம்பு, தொட்டாலே கத்துகிறது. இருமினால், தும்மினால், மலம் கழிக்க முக்கினால் கால் வரை சுண்டுவது இதனால்தான். அந்த வீக்கம் தானாகவே தணியக்கூடியது. வெளியே வந்த துண்டையும் உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. கேட்பவர்கள் நம்பத் தயங்குகிற உண்மை, ரொம்பப் பெரிதாக வெளியே வந்த துண்டுதான், லேசான பிதுக்கத்தைவிட, அதிகம் கரைகிறது.

உங்கள் விஷயத்தில் வலி சுண்டுவிரலுக்குப் போகிறது, உள்ளங்காலின் வெளிப்பக்கம் மரத்திருக்கிறது. அது எஸ்1 நரம்பின் பாதை. ஸ்கேனும் எல்5-எஸ்1 என்கிறது. இரண்டும் பொருந்துகிறது என்பது நல்ல செய்தி. எதற்கு வைத்தியம் பார்க்கிறோம் என்பதில் குழப்பம் குறைவு. பலருக்கு இப்படிப் பொருந்துவதில்லை. ரிப்போர்ட்டில் நாலு டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று இருக்கும், நாலில் ஒன்றுகூட அவர்களுடைய வலியின் வழியில் இருக்காது. 2015-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தது. 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம், 40 வயதில் பாதிப் பேருக்கு, 80 வயதில் 84 சதவீதம் பேருக்கு. இவர்களில் யாருக்கும் வலி இல்லை. அதனால் ரிப்போர்ட்டில் இருக்கும் பெரிய வார்த்தைகளைத் திரும்பத் திரும்பப் படித்துப் பயப்படாதீர்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்காமல் காலை மேலே தூக்கிப் பார்ப்பது, குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாரைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது, ஊசி முனையால் தொட்டு உணர்ச்சியைப் பார்ப்பது, இவ்வளவையும் செய்த டாக்டரின் பேச்சுக்கு, படத்தை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஆபரேஷன் தேதி சொல்கிறவர் பேச்சைவிட நான் அதிக மதிப்பு தருவேன்.

ஆபரேஷன் விஷயத்தில் மருத்துவ உலகம் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. 2007-ல் நெதர்லாந்தில் செய்த ஆய்வு ஒன்று, கிட்டத்தட்ட உங்கள் நிலையில் இருந்தவர்களை, அதாவது 6 முதல் 12 வாரமாகக் கடுமையான கால்வலி இருந்த 283 பேரை எடுத்துக்கொண்டது. பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மற்றவர்களுக்கு மாத்திரை, பிசியோதெரபி, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். ஆபரேஷன் செய்தவர்கள் சராசரியாக 4 வாரத்தில் தேறினார்கள். காத்திருந்தவர்களுக்கு 12 வாரம் ஆனது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கத்திலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் அந்த ஒரு வருடத்துக்குள் வலி தாங்காமல் ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் சொல்லாவிட்டால் நான் பாதி உண்மையைத்தான் சொல்கிறேன் என்று ஆகிவிடும். ஆகவே ஆபரேஷன் உங்களுக்கு வாங்கித் தருவது நேரத்தை. கடையை மூட முடியாது, ராத்திரி தூங்க முடியவில்லை, இந்த வலியோடு இன்னும் இரண்டு மாதம் தாங்காது என்றால் அதைத் தேர்ந்தெடுப்பதில் தப்பே இல்லை. பயத்தால் மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். நாலு மாதம் தாண்டியும் வலி குறையவே இல்லை என்றால் தராசு ஆபரேஷன் பக்கம் சாய்கிறது. 4 முதல் 12 மாதம் வரை வலியோடு இருந்தவர்களை வைத்து கனடாவில் செய்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாத முடிவில் ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கால்வலி தெளிவாகவே குறைந்திருந்தது. இன்னொன்று, இந்த ஆபரேஷன் கால்வலிக்கானது; இடுப்பு வலி போகும் என்று நம்பிப் போகாதீர்கள். அதே இடத்தில் டிஸ்க் மறுபடி வெளியே வருவதும் சிலருக்கு உண்டு. அதன் வாய்ப்பு எவ்வளவு என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

மூன்று வாரம் படுத்தே கிடப்பது பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை: வேண்டாம். 1999-ல், இதுவும் நெதர்லாந்தில்தான், 183 பேரில் ஒரு சாராரை இரண்டு வாரம் படுக்க வைத்தார்கள், மற்றவர்களை வழக்கம்போல நடமாடச் சொன்னார்கள். 12 வாரம் கழித்து இரண்டு பக்கத்திலும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். படுத்துக் கிடந்ததால் எந்த லாபமும் இல்லை. தசை இளைப்பதும், மலச்சிக்கலும், மனம் சோர்வதும்தான் மிச்சம். வலி உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாள் சாய்ந்து இருங்கள், போதும். அப்புறம், கட்டிலை எடுத்துவிட்டு வெறுந்தரையில் படு என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வெயிலுக்குச் சுகம்தான். இடுப்புக்கு அப்படி இல்லை. நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 313 பேரை வைத்து ஸ்பெயினில் செய்த ஆய்வில், ரொம்பக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரமான மெத்தையில் படுத்தவர்களே நன்றாக இருந்தார்கள். தரையில் படுப்பதில் இன்னொரு கஷ்டம், காலையில் எழுந்திருப்பது. கட்டிலில் பஞ்சு மெத்தை, வலிக்காத பக்கம் ஒருக்களித்துப் படுத்து முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை. எழும்போது மல்லாக்க நிமிராமல், பக்கவாட்டில் புரண்டு கையை ஊன்றி எழுங்கள்.

மாத்திரைகள் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும், ஆனால் சொல்லத்தான் வேண்டும். டைக்ளோபினாக், அசெக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்சம் தணிக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு, சில நாள் மட்டும். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்கள் மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடவே கூடாது. பிரிகாபாலின், கேபாபென்டின் இரண்டையும் நம் பக்கம் தாராளமாக எழுதுகிறார்கள். 2017-ல் ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் பிரிகாபாலினைச் சோதித்தபோது வெற்று மாத்திரையைவிடக் கால்வலி குறையவில்லை, தலைசுற்றல் மட்டும் கூடியது. பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டி 2020 முதல் இந்த வலிக்கு இவற்றைத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. நீங்கள் ஏற்கனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள்; டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். நரம்பு மாத்திரை என்று தருகிற பி12 உடம்பில் அந்தச் சத்து குறைவாக இருந்தால் உதவும். சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களும், சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுகிறவர்களும் ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. டிஸ்க்கை அது ஒன்றும் செய்யாது. முதுகெலும்புக்குள் போடுகிற ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரம் வலியைக் குறைக்கிறது. வலி தாங்க முடியாமல் ஆபரேஷனுக்கும் தயங்குகிறவர்களுக்கு நடுவழியாக அதைப் பற்றிக் கேட்கலாம். பிட்டத்தில் வலி ஊசி போட்டுக்கொள்வதாக இருந்தால், மேல்பக்க வெளி மூலையில்தான் போட வேண்டும். இடம் தப்பினால் அந்த ஊசியே இதே நரம்பைக் காயப்படுத்திவிடும். அப்படிப் பாதம் தொங்கிப்போய் வந்தவர்களுக்கு நான் சிகிச்சை கொடுத்திருக்கிறேன்.

நீவுகிற வைத்தியர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டிஸ்க் தோலுக்கு அடியில் கைக்கு எட்டுகிற இடத்தில் இல்லை. தடித்த தசைகளுக்கும் எலும்பு வளையத்துக்கும் முன்னால், மேலும் கீழும் எலும்போடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. வெளியே வந்ததை எந்தக் கையாலும் உள்ளே தள்ள முடியாது. இதில் எனக்கு ஐயம் இல்லை. நீவிய பிறகு சரியானவர்கள் இருக்கிறார்களே என்றால், உண்மைதான். பெரும்பாலானவர்களுக்கு அந்தச் சமயத்தில் தானாகவே சரியாகிக்கொண்டிருந்திருக்கும். தைலம் தேய்த்து இதமாகத் தடவுவதையோ, நொச்சி இலை போட்ட வெந்நீரையோ, உப்பு ஒத்தடத்தையோ நான் தடுக்கமாட்டேன். சூடு தசைப்பிடிப்பைத் தளர்த்தும். மரத்த இடத்தில் மட்டும் சூடு வேண்டாம். சுடுவது தெரியாமல் கொப்புளித்துவிடும். இடுப்பை முறுக்கிச் சொடுக்கெடுப்பதும், முதுகில் ஏறி மிதிப்பதும் கூடவே கூடாது. பேர் எழுதாத பொடியும் உருண்டையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், இரண்டு நாளில் வலி போவதன் ரகசியம் அதுவாக இருக்கலாம். இதைச் சொல்லிவிட்டு என் தொழிலை மட்டும் விட்டுவைப்பது நியாயம் இல்லை. பிசியோதெரபி மையங்களில் இடுப்பில் பட்டை கட்டி இழுக்கிறார்களே, அந்த இழுவைச் சிகிச்சையால் பெரிய பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கரண்ட் வைப்பதும் அன்றைக்கு இதம் தரும், அவ்வளவுதான். இவற்றுக்காக மட்டும் முப்பது நாள் பணம் கட்டச் சொன்னால், உடற்பயிற்சி சொல்லித் தருவீர்களா என்று கேளுங்கள்.

பயிற்சியில் ஒரு அளவுகோலை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். செய்து முடித்தபின் வலி பாதத்திலிருந்து மேலே ஏறி, கெண்டைக்கால், தொடை, பிட்டம் என்று இடுப்பை நோக்கிப் பின்வாங்கினால் அது நல்லது, இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் சரி. வலி இன்னும் கீழே இறங்கினால் அந்தப் பயிற்சி உங்களுக்கு இல்லை. குப்புறப் படுப்பதில் தொடங்குங்கள், இரண்டு மூன்று நிமிடம். தாங்கினால் முழங்கைகளை ஊன்றி மார்பைத் தூக்குங்கள். அதுவும் தாங்கினால், சில நாள் கழித்து, உள்ளங்கைகளை ஊன்றி இடுப்பு தரையிலேயே இருக்க மேலுடம்பை மட்டும் பத்துத் தடவை எழுப்பி இறக்குங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து வேளை. எல்லாருக்கும் இது ஒத்துவராது, ஆனால் உங்கள் வயதில், டிஸ்க்கால் வந்த வலிக்கு நான் முதலில் முயற்சி செய்வது இதைத்தான். நிறையப் பேர் செய்கிற தவறு, காலின் பின்பக்கம் இழுக்கிறதே என்று குனிந்து கால்விரலைத் தொட்டுத் தொட்டு இழுப்பது. இழுப்பது தசை இல்லை, வீங்கிய நரம்பு. அதை மேலும் இழுத்தால் மேலும் கோபிக்கும். பச்சிமோத்தானாசனம், பாதஹஸ்தாசனம் இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நடையைப் பிரித்துப் பிரித்து நடங்கள், ஐந்து நிமிடமானாலும் அடிக்கடி. கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்காருவதாக இருந்தால் சில வாரத்துக்கு உயரமான ஸ்டூலுக்கு மாறுங்கள், அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நில்லுங்கள். மூட்டையைப் பையன்கள் தூக்கட்டும். பிறகு நீங்கள் தூக்கத் தொடங்கும்போது ஐந்து கிலோ பையிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். வாழ்நாள் முழுக்கத் தூக்கவே கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தியக் கழிப்பறையில் குத்துக்காலிட்டு எழுவது கஷ்டமாக இருந்தால் மேலே வைக்கிற நாற்காலி கடைகளில் கிடைக்கிறது. மலச்சிக்கல் வராமல் கீரையும் வாழைத்தண்டும் நிறையத் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். புகை பிடிப்பவராக இருந்தால் அதை நிறுத்துவது டிஸ்க்குக்கும் நல்லது.

உங்கள் அப்பாவின் கால்வலி வேறு நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நாலு வீடு தள்ளி நடப்பதற்குள் இரண்டு காலும் கனத்து மரத்துப்போகிறது, யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். சைக்கிள் மிதிப்பதில் அவருக்குச் சிரமமே இல்லை என்றும் சொல்கிறீர்கள். குனிந்தால் இதம், நிமிர்ந்து நடந்தால் வலி என்பது, வயதாவதால் முதுகெலும்பின் நரம்புப் பாதை குறுகுவதன் அடையாளம். அவருக்கு நான் மேலே சொன்ன குப்புறப் பயிற்சி வலியைக் கூட்டும். மல்லாக்கப் படுத்து முட்டிகளை மார்போடு அணைப்பதுதான் அவருக்கு ஒத்துவரும். சைக்கிளை விடாமல் மிதிக்கட்டும். இதே மாதிரி வலி காலில் ரத்தக் குழாய் அடைத்தாலும் வரும், அவருக்குச் சர்க்கரையோ பீடிப் பழக்கமோ இருந்தால் குறிப்பாக. அதில் உட்கார வேண்டியதில்லை, சும்மா நின்றாலே வலி போய்விடும். பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று டாக்டர் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பரம்பரை என்ற கேள்விக்கு, டிஸ்க் தேய்வதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. பின்லாந்தில் இரட்டையர்களை வைத்துப் பல வருடம் நடந்த ஆய்வுகள், வாழ்நாள் முழுக்கப் பளு தூக்கியதைவிட மரபணுவின் பங்கே பெரிது என்று காட்டின. அதனால் அந்த ஒரு மூட்டையைத் தூக்கியிருக்காவிட்டால் என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். உங்கள் பிள்ளைகளுக்கும் கட்டாயம் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

பழனி நடை. தைக்கு இன்னும் நாலு மாதத்துக்கு மேல் இருக்கிறது, இப்போதே முடியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நடப்பதால் டிஸ்க் கெடாது. வலி சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். மார்கழி தொடக்கத்தில் கால்வலி இல்லாமல் தினமும் ஒரு மணி நேரம் நடக்க முடிகிறதா, விரலில் எழும்பும் சோதனையில் இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் ஒரு நாள் காலையில் காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்கு நடந்து பாருங்கள், பத்து கிலோமீட்டர் போல இருக்கும். மறுநாள் வலி கீழே இறங்காவிட்டால் போகலாம். காவடியையும் பையையும் இந்த ஒரு வருடம் வண்டியிலோ வேறு தோளிலோ வரச் சொல்லுங்கள். தங்கும் இடங்களில் வெறும் சிமெண்டுத் தரையில் படுக்காமல் மடிப்பு மெத்தை ஒன்று எடுத்துப் போங்கள். எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் உள்ளங்கால். நரம்பு தேறும்போது வலி முதலில் போகும். மரத்தது மாதக்கணக்கில் நீடிக்கலாம், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவே தங்கிவிடும். மரத்த காலோடு தார் ரோட்டில் வெறுங்காலில் நடந்தால் சூடும் முள்ளும் தெரியாது. அந்தப் பக்கம் இன்னும் மரத்தே இருந்தால் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு நடங்கள், ஒவ்வொரு ராத்திரியும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் படுங்கள். சர்க்கரை இருந்தால் இதில் தளர்வே வேண்டாம்.